டி.சி. வாங்கிய மறுநாள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்த முதல் நாள். காலை ஏழே முக்காலுக்குத் தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கான வேன்தான். ஆனாலும் என் மகன் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நின்றான். அவனுக்கு அப்போது ஆறரை வயது. பள்ளியிலிருந்து நிறுத்தி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அன்று பத்து மணி வாக்கில் நான் அடுப்படியில் இருந்தபோது பக்கத்தில் வந்து சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டியபடி நின்றான். என்னடா என்றேன். "ஒண்ணுக்குப் போகணும்" என்றான். சொந்த வீட்டில், எட்டடி தூரத்தில் இருக்கும் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுக்கொண்டு நின்றான் பிள்ளை.

பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வளர்க்கும் குழந்தையும், சில ஆண்டுகள் அனுப்பிவிட்டு நிறுத்திய குழந்தையும் ஒன்றல்ல. இரண்டையும் "ஹோம்ஸ்கூலிங்" என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம். முதல் வகையில் தொடங்கினால் போதும். இரண்டாவது வகையில், தொடங்குவதற்கு முன்னால் ஒன்று முடிய வேண்டும். அது முடிய நேரம் பிடிக்கும், பெற்றோருக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகைக்காரர்களுக்கு. எங்கள் மகள் நான்காம் வகுப்பும் மகன் ஒன்றாம் வகுப்பும் முடித்த கையோடு 2023 கோடையில் நிறுத்தினோம். கோயம்புத்தூரில் இருக்கிறோம். என் அனுபவம் கொஞ்சம், சட்டமும் சான்றிதழும் கொஞ்சம் என்று கலந்துதான் எழுத முடியும். இவை தனித்தனியாக நடப்பதில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஓரமாக வைத்துவிடலாம். கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டு "அதான் வீட்டிலேயே படிச்சாங்களே, பார்த்தோமே" என்பார்கள். அது வீட்டுக்கல்வி இல்லை. பள்ளி, ஃபோனுக்குள் புகுந்து வீட்டுக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். நேர அட்டவணை பள்ளியுடையது, பாடம் பள்ளியுடையது, திட்டு மட்டும் அம்மாவுடையது. அந்த நாட்களை வைத்து இது நமக்குச் சரிப்படும், சரிப்படாது என்று எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்தக் கேள்வி வராத வீடே கிடையாது. எங்கள் வீட்டில் மாமனார்தான் முதலில் கேட்டார். "போலீஸ் வருமா?"

போலீஸ் வராது. ஆனால் சட்டம் தெளிவாகக் கைகொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. 2002-ல் அரசமைப்பின் 86-ஆவது திருத்தம் 21ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமை ஆனது. அதை நடைமுறைப்படுத்த வந்த 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 10-ஆவது பிரிவு, குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின் கடமை என்கிறது. அதே சட்டத்தில், சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் கிடையாது. சட்டத்தில் "கட்டாய" என்ற சொல் கட்டுப்படுத்துவது அரசைத்தான்: பள்ளி இருக்க வேண்டும், இடம் இருக்க வேண்டும், வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கல்வியைப் பற்றி அந்தச் சட்டம் வாயே திறக்கவில்லை, அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

மற்ற நாடுகளில் இப்படி மூடி மறைத்துப் பேச வேண்டியதில்லை. இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தகுந்த கல்வியைப் பள்ளி மூலமோ வேறு வழியிலோ தருவது பெற்றோர் கடமை என்கிறது. அந்த "வேறு வழி"க்குள்தான் அங்கே வீட்டுக்கல்வி முழுவதும் நிற்கிறது. ஜெர்மனியில் நேர் எதிர், பிள்ளை பள்ளிக்கு நேரில் போயே ஆக வேண்டும். நாம் இரண்டுக்கும் நடுவில், யாரும் பெயர் வைக்காத இடத்தில் இருக்கிறோம். அதனால் இங்கே வீட்டுக்கல்வி நடத்துகிறவர்கள் காகிதங்களை ஒழுங்காக வைத்துக்கொள்வது மற்ற எதையும்விட முக்கியம்.

காகிதத்தில் முதலாவது டி.சி. "வாங்காமலே நிறுத்திவிடலாமே, பேர் ரெஜிஸ்டரில் இருந்துட்டுப் போகட்டும்" என்று சிலர் சொல்வார்கள். எங்களிடமும் சொன்னார்கள். வேண்டாம். ஃபீஸ் ஏறும், பிறகு அந்த டி.சி.க்கே பேரம் பேச வேண்டியிருக்கும். வேறு பள்ளிக்கு மாற விரும்பும் குழந்தைக்குத் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவே சொல்கிறது. ஆனால் எந்தப் பள்ளிக்கு மாற்றுகிறீர்கள் என்று அலுவலகத்தில் கேட்கும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்களிடம் கேட்ட கிளார்க் அம்மாவிடம் என் கணவர் "வீட்டுக்குத்தானுங்க" என்றார். அவர் பேனாவை வைத்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் "குடும்ப சூழ்நிலை காரணமாக"னு போட்டுக்கறனுங்க என்றார். டி.சி.யில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

டி.சி. வழங்கியதும் நடப்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும், பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில், எமிஸ் எண் என்று ஒன்று இருக்கிறது. பள்ளியிலிருந்து விடுவித்ததும் அந்த எண் "காமன் பூல்" என்ற பொதுப்பட்டியலுக்குப் போகும். வேறொரு பள்ளி அதை எடுத்துக்கொண்டால் சரி. யாரும் எடுக்காமல் கிடந்தால் அந்தப் பெயர் "பள்ளி செல்லாக் குழந்தைகள்" பட்டியலில் வரும், வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வீடு தேடி வருவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார், வெயிலில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு, கையில் ஒரு நீளமான தாளுடன். அவரைப் பார்த்து நான் பயந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. செங்கல் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்விடும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப வகுப்பறைக்குக் கொண்டுவருவது அவருடைய வேலை. நம் பிள்ளை அப்படிப்பட்ட பிள்ளை இல்லை என்று அவருக்குக் காட்ட வேண்டியது நம் பொறுப்பு.

மோர் கொடுத்து உட்காரவைத்தோம். மகளுடைய நோட்டுகளைக் காட்டினேன். அவர் நோட்டைப் புரட்டவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து "படி கண்ணு" என்றார். படித்தாள். "இதுல யாரு செஞ்சது தப்புன்னு நினைக்கிற?" என்று கேட்டார். அவள் ஐந்து நிமிடம் பேசினாள். படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, "பத்தாவதுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினார். அதைவிடப் பொருத்தமான கேள்வியை இதுவரை வேறு யாரும் எங்களிடம் கேட்டதில்லை. அதற்கான பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது சுண்டுவிரலுக்கு.

பள்ளியிலிருந்து வந்த பிள்ளையிடம் பள்ளி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது வீட்டில் உட்காரவைத்த பிறகுதான் தெரியும். மகள் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டாள். எதையாவது சுவாரசியமாகச் சொல்ல ஆரம்பித்தால் "இது எழுதணுமா, சும்மா கேட்டா போதுமா?" என்றாள். தப்பாகிவிடும் என்று தெரிந்தால் தொடங்கவே மாட்டாள். மகனுக்கு மதியம் மூன்றரைக்கு மேல் படிப்பு சம்பந்தப்பட்ட எதையும் தொடக்கூடாது, பெல் அடித்தாயிற்று!

இந்த இடைக்காலத்துக்கு ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் "டீஸ்கூலிங்". சமூகத்தையே பள்ளியின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் எழுதிய இவான் இலிச்சிடமிருந்து வந்த சொல் அது. அவர் பேசியது சமூகத்தைப் பற்றி. வீட்டுக்கல்விக்காரர்கள் அதை எடுத்து ஒரு குழந்தையின் அளவுக்குச் சுருக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்து, பள்ளிகளைத் திருத்த முடியாது என்ற முடிவுக்கு வந்து, 1977-ல் வீட்டில் கற்கும் குடும்பங்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கிய ஜான் ஹோல்ட்டின் வழி வந்தவர்கள் இதை நிறையப் பேசியிருக்கிறார்கள். நான் இதைத் "தெளிதல்" என்று சொல்வேன். மயக்கம் தெளிவது, காய்ச்சலில் கிடந்த முகம் தெளிவது, கலங்கிய தண்ணீர் தெளிவது எல்லாம் இதில் இருக்கிறது. தண்ணீர் தெளிய வேண்டுமென்றால் கையை விட்டுக் கலக்காமல் இருக்க வேண்டும். அதுதான் பெற்றோரால் முடியாதது.

பள்ளியில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதம் தெளிய விட வேண்டும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. ஆய்வு எதுவும் செய்து கண்டுபிடித்ததல்ல, அனுபவப்பட்டவர்கள் வாய்வழியாகச் சொல்லி வருவது. எல்.கே.ஜி.யையும் சேர்த்து எங்கள் மகளுக்கு ஆறு மாதம் வந்தது. நான் கொடுத்தது பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள் ஃபிரிஜ் கதவில் டைம் டேபிள் ஒட்டினேன். ஒன்பதிலிருந்து ஒன்பதே முக்கால் வரை கணக்கு, பத்தரை வரை ஆங்கிலம், பதினைந்து நிமிடம் இடைவேளை. நான்கு கலர் ஸ்கெட்ச் பேனா. எனக்குத் தெரிந்த ஒரே மாதிரி அதுதான், பதினேழு வருஷம் நானும் அதில்தானே உட்கார்ந்திருந்தேன்? மூன்றாவது வாரம் மகள் அழுதுகொண்டே ஒன்று சொன்னாள்: "ஸ்கூல்லயாவது பக்கத்துல ப்ரெண்டு இருந்தா." அன்று சாயங்காலம் தாளைக் கிழித்துவிட்டேன். செல்லோ டேப்பின் தடம் ஃபிரிஜ்ஜில் இன்னும் இருக்கிறது.

இந்தத் தவறு எங்களோடு மட்டும் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். பள்ளிக்குப் பிறகு வீட்டுக்கல்விக்கு வரும் குடும்பங்களில் நான் பார்த்தவரை முதல் சறுக்கல் எல்லோருக்கும் இதுவே. காரணம் இருக்கிறது. பள்ளியின் அட்டவணை கற்பதற்காக அமைந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிப்பதற்காக அமைந்தது அது. நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் வருகைப்பதிவு போகும், நோட்டு வாங்கித் திருத்துவது போகும், பின்பெஞ்சை அடக்குவது போகும். ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்துச் சொல்லித்தர மிஞ்சுவது எவ்வளவு? ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்தால் அந்தப் பாடம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. முடிந்ததும் பெற்றோருக்குக் கை பதறும், "இவ்வளவுதானா? மீதி நேரம் என்ன பண்றது?" என்று. அந்த மீதி நேரத்துக்காகத்தானே பிள்ளையை வெளியே கொண்டுவந்தோம் என்பது மறந்துபோகும். ஆரம்பப் பள்ளி வயதுக்கு உட்கார்ந்து படிப்பது நாளுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

அப்படியென்றால் அந்தத் தெளியும் மாதங்களில் என்னதான் செய்வது? சும்மா விட்டால் பிள்ளை டிவி பார்க்கும். ஆமாம், பார்க்கும். எங்கள் மகன் இரண்டு மாதம் பார்த்தான். கண்ணில் ரத்தம் வந்தது எனக்கு. ஆனாலும் முதல் மாதங்களில் வீட்டில் இரண்டு விஷயங்களை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டோம். ராத்திரி சத்தம் போட்டுக் கதை படிப்பது ஒன்று. எங்கே போனாலும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவது இன்னொன்று. ரேஷன் கடை, பேங்க், அம்மாயி வீட்டுத் தோட்டம், மாவு மில், மாமாவுடைய லேத் பட்டறை என்று எல்லா இடத்துக்கும்.

சிங்காநல்லூர் உழவர் சந்தையில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். வகுத்தல் கணக்கை நோட்டில் பிசகாமல் போடும் மகளிடம் ஒரு நாள் கால் கிலோ பீன்ஸ் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். பலகையில் கிலோ 72 ரூபாய். விழித்தாள். "இது வகுத்தலா, பெருக்கலா?" என்று கேட்டாள். நான்கு வருஷம் கணக்கு படித்த பிள்ளை. குறியைக் கொடுத்தால் போடுவாள், எந்தக் குறி என்று அவளாக முடிவு செய்ய யாரும் விட்டதில்லை. காய்க்கார அக்கா தராசைப் பிடித்தபடியே, "பாதி போடு அம்மிணி, அப்புறம் அதுல பாதி போடு" என்றார். முப்பத்தாறு, பதினெட்டு. அன்றைக்குக் கிடைத்த பின்னத்தை இன்றுவரை அவள் விடவில்லை. அடுத்த வாரமே அரைக்கால் கிலோ இஞ்சி எவ்வளவு என்று அவளே கடைக்காரரைக் குடைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எங்கே ஓட்டை இருக்கிறது என்பதும் எனக்கு அங்கேதான் தெரிந்தது. மதிப்பெண் பட்டியலில் கணக்குக்கு 94 இருந்தது.

தெளிந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தேதி எல்லாம் கிடையாது. எங்கள் வீட்டில் அறிகுறி ஒரு கேள்வியாக வந்தது. மகள் ஒரு மாலை, பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த என்னிடம், "நிலா பகல்ல ஏன்மா தெரியுது?" என்றாள். பரீட்சைக்கு வருமா என்று கேட்காமல், எழுதணுமா என்று கேட்காமல் வந்த முதல் கேள்வி. நவம்பர் மாதம். கைக்கணக்குப்படியே ஆறு மாதம் ஆகியிருந்தது, என்னுடைய டைம் டேபிள் கூத்தையும் மீறி.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை நம்மூரில் ஒரு பெரிய வசதி. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, கடையில் வாங்கினாலும் மலிவு. 2018 முதல் வந்த புதிய புத்தகங்கள் நன்றாகவே இருக்கின்றன, குறிப்பாகத் தமிழும் அறிவியலும். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வெளிநாட்டுப் பாடத்திட்டப் பெட்டி வாங்குவதற்கு முன் இவற்றை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும், வருஷத்தின் நடுவில் எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பள்ளியோடு ஓட்டப்பந்தயம் ஓடாதீர்கள்.

இனி அந்த ஆசிரியர் பயிற்றுநரின் கேள்வி. பத்தாவதுக்கு என்ன செய்வது?

இரண்டு வழிகள்தான் பெரும்பாலானோருக்கு. ஒன்று என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-ல் தொடங்கிய மத்திய அரசு அமைப்பு. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்கு 14 வயது நிறைந்திருந்தால் பதியலாம். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாதவர்கள், படிக்கும் அளவுக்குத் தேர்ச்சி இருக்கிறது என்று தாங்களே எழுதித் தரலாம். ஐந்து பாடங்கள், அதில் ஒன்றாவது மொழி. ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, பதிவு ஐந்தாண்டு செல்லும், அதற்குள் ஒன்பது முறை வரை தேர்வெழுத வாய்ப்பு. வருஷத்தில் இரண்டு முறை பொதுத்தேர்வு. தமிழிலும் எழுதலாம். கணக்கு கட்டாயமில்லை. ஆனால் "கட்டாயமில்லையாம்" என்று சந்தோஷமாக விட்டுவிட்டுப் பதினாறு வயதில் இன்ஜினீயரிங் ஆசை வந்தால் திண்டாட்டம்.

இன்னொன்று, நம் தாத்தா காலத்திலிருந்தே இருக்கும் "பிரைவேட்டா எழுதுறது". அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பத்தாம் வகுப்புத் தேர்வை நேரடித் தனித்தேர்வராக எழுத 14½ வயது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்கும் ஈ.எஸ்.எல்.சி. என்ற தனித்தேர்வு இருக்கிறது, அதற்கு 12½ வயது. பத்தாவதில் தனித்தேர்வர்கள் தவறவிடும் இடம் அறிவியல் செய்முறை. முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கும் பள்ளியில் செய்முறை வகுப்புக்குப் போய் வர வேண்டும். பதிவு அறிவிப்பு பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியர் மூலம் தானாக வந்து சேரும். நமக்கு வராது. செய்தித்தாளில் ஓரமாக வரும் நான்கு வரியை நாம்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்கல்வியில் கிளார்க் வேலையும் நம்முடையதே.

கேம்பிரிட்ஜ் தேர்வுகளைத் தனியாக எழுதும் குடும்பங்களும் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம், அது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

பள்ளியே வேண்டாம், சான்றிதழே வேண்டாம் என்கிறவர்கள் ஒரு கதையை எப்போதும் சொல்வார்கள். மும்பையில் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு வீட்டில் படித்த பெண் ஒருவருக்கு 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. உண்மைதான். சொல்லாமல் விடும் பாதி என்னவென்றால், சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கியிருந்த அவருக்கே, பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் இந்திய ஐ.ஐ.டி.க்களின் கதவு திறக்கவில்லை. திறந்தது நம் சென்னை கணிதக் கழகம் ஒன்றுதான். மூன்று ஒலிம்பியாட் பதக்கம் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இருந்தால் நீங்களும் சான்றிதழைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்த நினைப்பவர்களிடம் நான் இன்னும் கண்டிப்பாகப் பேசுவேன். 2020-லிருந்து மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, அடுத்த ஆண்டே பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்துவிட்டது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது அதற்கான தகுதி. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் அந்த ஆறு முதல் பன்னிரண்டு வரைக்கான கணக்குதான். ஏழாம் வகுப்பில் ஒரு வருஷம் வெளியே இருந்து பார்த்துவிட்டு வருகிறோம் என்றால் அந்த ஒரு வருஷத்துக்கு இதுதான் விலை. அரசு வேலைக்கான தமிழ்வழி ஒதுக்கீட்டுக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பள்ளியின் சான்றையும் கேட்கிறார்கள். தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடத்தில் சேர்ந்த பிள்ளைக்கும் இப்படித்தான். அந்த இடம் நுழைவு வகுப்பில் மட்டும் கிடைப்பது, விட்டால் விட்டதுதான். இவற்றை எல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு, பிறகு தெரிந்து நெஞ்சில் அடித்துக்கொள்வது வேறு.

மறுபக்கம், திரும்பிப் போகும் கதவு பெரும்பாலானோர் நினைப்பதைவிட அகலம். பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. விட்ட வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளையை டி.சி. வரத் தாமதம் என்ற காரணம் காட்டி மறுக்கவும் முடியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒன்றரை வருஷம் வீட்டில் வைத்திருந்து, அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாவதில் சேர்த்தார்கள். பையன் சந்தோஷமாகப் போகிறான். அதை யாரும் தோல்வி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அம்மா வேலைக்குத் திரும்புவது என்றேன் அல்லவா, அதையும் சொல்லியாக வேண்டும். நான் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பார்த்த வேலையை விட்டேன். நம் வீடுகளில் யார் விடுவார்கள் என்று தனியாகப் பேச்சே நடப்பதில்லை, அது ஏற்கெனவே முடிவானது போல நடந்துவிடுகிறது. ஃபீஸ் மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பக்கத்துச் சம்பளத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். இப்போது மதியத்துக்கு மேல் வீட்டிலிருந்தே ஜி.எஸ்.டி. வேலை கொஞ்சம் பார்க்கிறேன். அந்த நேரம் பிள்ளைகள் தாங்களாக இருக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். அதிலும் ஏதோ படிப்பு இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

சிநேகிதம் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். மகள் அழுதபோது சொன்னதும் அதுவே. பள்ளியை விட்டதும் பள்ளி நட்பு தானாகத் தொடரும் என்று நினைத்தோம், தொடரவில்லை. பிள்ளைகளுக்கு நாளெல்லாம் பள்ளி, சாயங்காலம் டியூஷன், எப்போது வருவார்கள்? ஏழெட்டு மாதம் அவளுக்குத் தனிமைதான், மழுப்ப விரும்பவில்லை. பிறகு சிலம்ப வகுப்பில் இரண்டு பேர், நூலகத்தில் ஒருத்தி, எங்களைப் போன்ற இன்னொரு குடும்பம் என்று மெல்ல மெல்லச் சேர்ந்தது. வயதில் மூத்த பிள்ளைகளோடு பேசவும் சின்னதுகளை மேய்க்கவும் வந்திருக்கிறது. ஆனால் ஆண்டுவிழா, டூர், ஒரே பெஞ்சு, அதெல்லாம் அவளுக்குக் கிடையாது. இதற்கு மாற்று என்று நான் எதையும் காட்டப்போவதில்லை.

சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது ஒரு தனிக்கலை. கல்யாண வீட்டில் "எந்த ஸ்கூலு சாமி?" என்று கேட்டால் மகன் இப்போது "வூட்டு ஸ்கூலுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான். அம்மாயிதான் கடைசி வரை மசியவில்லை. "ரெண்டும் நல்லாத்தான் பேசுதுக, ஆனா பள்ளிக்கோடத்துக்குப் போகோணுமல்லொ" என்பாள். அவள் படித்தது இரண்டாம் வகுப்பு. அதற்கு மேல் அனுப்பவில்லை, ஆடு மேய்க்க ஆள் வேண்டியிருந்தது. அவளுக்கு முன்னால் நான் இதில் அதிகம் வாதாடுவதில்லை.

மகளுக்கு இப்போது 12½ வயது நெருங்குகிறது. ஈ.எஸ்.எல்.சி. எழுதலாமா, நேராகப் பத்தாவதா, என்.ஐ.ஓ.எஸ்.ஸா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் அவளே ஒரு தாளில் கோடு போட்டு மூன்றையும் எழுதி, வயது, பாடம், கட்டணம் என்று நிரப்பிக்கொண்டிருந்தாள். ஸ்கேல் வைத்து, அழகாக மார்ஜின் போட்டு. அந்தப் பழக்கம் மட்டும் போகவே இல்லை. போக வேண்டும் என்று எனக்கும் இப்போது தோன்றவில்லை.